நேரில் கூப்பிட்ட பாட்டு

ஆடி மாதம், மாலை ஐந்து மணி. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நாளெல்லாம் அலைந்தும் ஒரு கரண்டிகூட வாங்காத எரிச்சலில் ஆட்டோ பிடித்தேன். நான் தங்கியிருந்த கோட்டையூருக்கு இருநூறு என்றார் ஆட்டோக்காரர் முருகேசன். ஆறேழு கிலோமீட்டருக்கு இருநூறா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டேன்.

"கோவிக்காதீகக்கா. போற வழியில எங்க தெருவுல முளைப்பாரிக் கும்மி. எம் பொண்டாட்டி செல்விதான் பாட்டெடுப்பா. பாத்துட்டுப் போங்க."

எதிர்ப்பாட்டு பாடுவது யார் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"முன்னெல்லாம் எந் தங்கச்சி வள்ளிதான் பாடும். ரெண்டு வருசமா வாயத் தொறக்கல. நாங்க வீடு குடிபோனப்ப, அடுத்த தெருவுல இருக்கவளை நேர்ல போயி அழைக்காம செல்வி போன்லயே சொல்லிப்புட்டா. இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டு வாசல மிதிக்கல."

மிதிப்பாளா பின்னே? கூடப்பிறந்தவளையா போனில் அழைப்பது? எனக்கே கோபம் வந்தது.

நாங்கள் போய்ச் சேர, ஆறு மணிக்குக் கும்மி தொடங்கியது. செல்வி ஓரடி பாட, சுற்றி வந்தவர்கள் கைதட்டி மறு அடி பாடினார்கள். வட்டத்துக்கு வெளியே, கைகட்டி நின்றாள் வள்ளி. திடீரென்று செல்வி அவள் பக்கம் திரும்பிப் பாடினாள்:

"கோலம் போட்டு வாசலிலே வழிபாத்து நிக்கிறேனே,
நாத்தனாரே, வாரீகளா, வரலையா?"

மறு அடி வரவில்லை. கைதட்டல் மட்டும் ஓடியது.

"ஏன் யாரும் பாடல?" என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவைக் கேட்டேன்.

"நாத்தனாரேன்னு மொறை சொல்லிக் கேட்டா அந்த ஆளுதான் பாடணும். மத்தவுக வாய் வைக்கக் கூடாது. பதில் வராமப் பாட்டை முடிச்சா சாமிக்கு ஆகாது."

வட்டம் இன்னொரு சுற்று வந்தது. செல்வி மறுபடி அதே அடியைப் பாடினாள். முருகேசன் ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அப்போது கணீரென்று ஒரு குரல்:

"போனுல கூப்பிட்டா காது மட்டும் வரும் மதினி,
நேருல கூப்பிட்டா காலும் வருது பாருங்க!"

பாடிக்கொண்டே வள்ளி வட்டத்துக்குள் வந்தாள். தெருவே குலவையிட்டது. முருகேசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையாம்.

கும்மி முடிந்து நான் ஆட்டோவில் ஏறப்போனால், பின் சீட்டில் மதினியும் நாத்தனாரும்.

"வீட்டைக் காட்டிப்புட்டு ஒங்களை ஒங்க எடத்துல விடச் சொல்றேன். நீங்களும் வாங்கக்கா, நேர்லயே கூப்பிடுறேன்" என்றாள் செல்வி.

சென்னையில் எங்கள் குடியிருப்பில் கல்யாண அழைப்பே போனில்தான் வரும்; நானும் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவேன்.

"வர்றேம்மா" என்றேன், வாய் திறந்து.