ஒரு மாடு, மூன்று கொம்பு வர்ணம்

நாற்பதுகளில் திருத்தணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஐக்கிய நாணய சங்கம் என்று ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் இருந்தது. ஏழைக் குடியானவனை வட்டிக்காரரிடமிருந்து மீட்பதே நோக்கம் என்று விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. வட்டிக்காரரே தலைவராக இருந்தார். நான் காரியதரிசி. சம்பளம் கிடையாது, மைக்கூடும் என்னுடையது.

அந்த வருஷம் உழவு மாடு வாங்க மூன்று பேருக்குக் கடன் கொடுத்தோம். தலைவர் தம் பங்கை வட்டிக்கு விட்டார். அவருடைய மைத்துனர் சைக்கிள் வாங்கினார். பஜனைக்கூடத்துத் தர்மகர்த்தா மகளுக்குக் கல்யாணம் செய்தார். பதிவேட்டில் மூன்று இடத்திலும் 'மாடு' என்று எழுதியது என் கைதான்.

நான்காவது மனு ஒரு குத்தகைக்காரனுடையது. அவனிடம் இருந்தது ஒற்றை மாடு. ஜோடி சேர்த்து ஆடிக்குள் உழாவிட்டால் நிலம் கைமாறிவிடும். நிலம் உள்ள அங்கத்தினர் இருவர் ஜாமீன் போடவேண்டும் என்பது விதி. யாரும் போடவில்லை. மூன்று முறை 'ஜாமீன் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பினேன்.

கடனில் வாங்கிய மாடுகளைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வந்தார். அவருடைய சோதனை எப்போதும் கிருத்திகையன்றுதான் வரும். காலையில் மலைமேல் தரிசனம், பிறகு சர்க்கார் வேலை. ஊரில் மற்ற மாடுகளின் சுழி, கொம்பு எல்லாவற்றையும் என் சொத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தேன். அதை அவர் வரி விடாமல் படிப்பவர். பதியாத மாடு ஒன்றே ஒன்று. மனு தள்ளுபடியானதால் விட்டுப்போன குத்தகைக்காரனின் மாடு. அதையே இரவல் வாங்கி, கொம்பு வர்ணத்தை மாற்றி மூன்று வீட்டிலும் காட்டுவதென்று ஏற்பாடு.

தலைவர் வீட்டில் அதற்குப் பச்சைக் கொம்பு. இன்ஸ்பெக்டர் காபி குடிப்பதற்குள் பின்சந்து வழியாக மைத்துனர் வீட்டுக்கு ஓட்டிச் சிவப்பு அடித்தோம். மூன்றாவது வீட்டுக்குப் போகும் வழியில் குத்தகைக்காரன் கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றுவிட்டான். மஞ்சள் வர்ணச் சட்டி என் கையில்.

"ஓட்டினு வாடா, அவரு மோர் குடிச்சினு கீறாரு!" என்றார் தலைவர்.

"மாட்டுக்குக் கால் நோவுதுங்க."

"இப்பத்தானேடா நல்லா நடந்துச்சு?"

"ஆங், ரெண்டு ஊட்டுக்கு நடந்துச்சுங்க. மூணாவது ஊட்டுக்கு ஜாமீன் கேக்குது."

மைத்துனர் பதறினார். "பாவா, இவன் நம்மளையே மடக்கறான் பாவா!"

"ரெண்டு கையெழுத்து போட்டா கால் சரியாப்பூடும்ங்க" என்றான் அவன், மாட்டைத் தடவிக்கொண்டே.

மனு என் பையில் இருந்தது. நான் எதையும் வீட்டில் வைத்துவிட்டு வருபவனல்ல. மைத்துனரின் சைக்கிள் சீட்டின்மேல் தாளை விரித்து, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாடு நடந்தது.

தர்மகர்த்தா வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டர் கொம்பைத் தொட்டார். விரலில் மஞ்சளும் அதனடியில் சிவப்பும் ஒட்டிக்கொண்டன.

"என்னய்யா இது, இத்தனை வர்ணம்?"

"கிருத்திகைங்க" என்றார் தர்மகர்த்தா.

இன்ஸ்பெக்டர் விரலை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'மூன்றும் ஒரே ஜாதி மாடு. தேர்வு மெச்சத்தக்கது.'

ஆடிக்கு முன்பே குத்தகைக்காரன் இரண்டாவது மாட்டை ஓட்டி வந்தான். அன்றே இரண்டின் அடையாளத்தையும் பதிவேட்டில் ஏற்றினேன். இனி யாரும் இரவல் கேட்க முடியாது. நிலம் அவனிடமே இருந்தது. தவணையும் தவறவில்லை.

மற்ற மூவரும் தவறினார்கள். ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, ஏழையை நம்பித் தாம் துணிந்து போட்ட ஜாமீனைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நடவடிக்கைக் குறிப்பில் அதையும் ஒரு சொல் விடாமல் எழுதினேன்.