வலப்பக்கம் மட்டும் திரும்பிய சைக்கிள்

கொத்தமங்கலத்தில் நாங்கள் குடியிருந்தது அரண்மனை மாதிரி ஒரு வீட்டில். எங்கள் வீடு இல்லை. வீட்டுக்காரச் செட்டியார் குடும்பம் மெட்ராஸில் இருந்தது. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வந்து போவார்கள். மற்ற நாளெல்லாம் அப்பா காவல், அம்மாவும் நானும் விளக்குமாறு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே இருக்கிற கதவுகளை எல்லாம் காலையில் திறக்க வேண்டும், கூட்டிப் பெருக்க வேண்டும், சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு மறுபடியும் சாத்த வேண்டும். ஆளே இல்லாத வீட்டில் அவ்வளவு தூசி எங்கிருந்துதான் வந்து தொலையுமோ!

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிறகு எனக்கு அதுதான் வாழ்க்கை. எழுபதுகளின் தொடக்கம். மேலே வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பச்சையும் சிவப்புமாக மெல்ல நகரும். விளக்குமாற்றைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அது தூணில் ஏறி மறையும்போது பொழுது போயிருக்கும். இன்றைக்குத் திங்களா செவ்வாயா என்று யாராவது கேட்டால் முழிப்பேன்.

வெளியே போக எனக்குப் பயம். பேய்க்கு இல்லை, அந்த வீட்டு இருட்டறைகளில் தனியாக நடந்து பழகியவளைப் பேய் என்ன செய்துவிடும்? மனிதர்கள் பார்ப்பார்களே, அதற்குத்தான் பயம். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் போதும், எனக்குக் கால் பின்னும். இதோ விழப்போகிறேன், ஊரே கூடிச் சிரிக்கப் போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். உப்பு வாங்கவும் அம்மாவைத்தான் அனுப்புவேன்.

இந்த லட்சணத்தில் எனக்கு வேலை வந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பால்வாடி டீச்சர் வேலை. எங்கே கிடைக்கப் போகிறது என்ற தைரியத்தில் மனுப் போட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை மணியடிக்கும்போது அங்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்து இருந்த பெண்ணுக்குப் போய்விடும். அந்த ஊருக்குப் பஸ் கிடையாது.

அப்பா அதிகம் பேசமாட்டார். "போறதுன்னா போ. இல்லைன்னா இப்பவே சொல்லிரு, அந்தப் பிள்ளையாச்சும் பிழைக்கட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இதை விட்டால் நான் சாகும்வரை இந்தக் கதவுகளைத் திறந்து சாத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

வீட்டுக்கார ஆச்சி ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய மகள் கன்னிப் பெண்ணாக இருந்தபோது ஓட்டிய சைக்கிள் ஒன்று அறையில் கிடந்தது. "துருப்பிடிச்சுப் போறதுக்கு நீயாச்சும் ஓட்டுடி" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"அங்குட்டுத் தெருவுல விழுந்தா ஊரே பாக்கும். இங்குட்டு விழுந்தா நான் மட்டும்தான் பாப்பேன்" என்றாள் அம்மா. எனக்கும் அதுதான் வேண்டும். ஆக, நான் சைக்கிள் பழகியது வீட்டுக்குள்ளேயே. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வரிசையோடு அகலமான நடை. தூணடியில் இருந்த கல்லில் ஏறி நின்று, அங்கிருந்து சீட்டில் உட்காருவேன். அம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள்.

ஒருநாள் ஹேண்டில்பாரை இடப்பக்கமாகத் திருப்பப் போனேன். "அடியாத்தி! சாமி ரூம்பு இருக்குற வீட்டுல இடஞ்சுத்துறாளே! எழவு வீட்டுலதான்டி அப்படிச் சுத்துவாக!" என்று அம்மா அலறிய அலறலில் புறாக்கள் எல்லாம் பறந்தன. அதற்குப் பிறகு கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலம்தான். தினமும் வலம்.

அம்மா எப்போது கையை விட்டாள் என்றே தெரியாது. தூண்கள் ஒவ்வொன்றாக என்னைப் பார்த்து வந்தன, விலகின. சக்கரத்தின் சத்தம் மாடியில் மோதித் திரும்பி வந்தது. முற்றத்து வெயிலும் நடையின் நிழலும் மாறி மாறி முகத்தில் விழுந்தன. ராத்திரி படுத்தால் பாயும் என்னோடு சுற்றியது. அவ்வளவு சந்தோஷம் அதுவரை நான் கண்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பின்வாசல் படியில் நின்று ஏறி உட்கார்ந்தேன். "நேராப் பாத்துப் போடி" என்று அம்மா தள்ளிவிட்டாள். தெருமுனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திருப்பினேன். வரவில்லை! கை இடம் என்றது, உடம்பு வலம் என்றது. சைக்கிள் தன்பாட்டுக்கு வலப்பக்கம் போயிற்று. இறங்கி வண்டியைத் திருப்பலாம் என்றால், கல் இல்லாமல் மறுபடி ஏறத் தெரியாது. அதை யாருமே யோசிக்கவில்லை. அடுத்த முனையிலும் வலம், அதற்கடுத்த முனைகளிலும் வலம். அம்மா நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

"என்னடி, பயந்து திரும்பிட்டியா?"

"இல்லம்மா, இடப்பக்கம் திரும்ப மாட்டேங்குது!"

"அடிப் பாவி! செக்குமாடாப் பழக்கிப்புட்டேனே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டது கேட்டது. நிற்காமல் தாண்டிப் போனேன்.

எங்கள் ஊர்த் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராகக் குறுக்கும் நெடுக்கும் போகும். அதுதான் கை கொடுத்தது. இந்த முறை முனையில் திரும்பாமல் நேரே தாண்டினேன். பிறகு மூன்று முறை வலப்பக்கம் திரும்பி ஒரு வரிசை வீடுகளைச் சுற்றினேன். போக வேண்டிய தெரு எனக்கு நேராக வந்து நின்றது. பால்காரர் ஒருவர் வாயைப் பிளந்து பார்த்தார். அப்படியும் நிற்காமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஊர் முடிந்தது. கண்மாய்க்கரையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் பால்வாடி. வலப்பக்கம் போகிற வண்டிப்பாதை கண்மாயைச் சுற்றி ஊருக்கே திரும்பிவிடும். இங்கே தெருவும் இல்லை, சுற்றி வர வீட்டு வரிசையும் இல்லை. தண்ணீரின் மேல் பனி நின்றது. எதிர்க்கரையே தெரியவில்லை. வலப்பக்கப் பாதை அழகாக வளைந்து, வா வா என்றது. இப்படியே சுற்றி வீட்டுக்குப் போய்விடலாம், வெயில் தூணில் ஏறுவதற்குள் கூட்டி முடித்துவிடலாம். அது எவ்வளவு சுகமாகத் தோன்றியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அந்தச் சுகத்தின் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. "மாட்டேன்!" என்று வாய்விட்டுக் கத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் இடப்பக்கம் சாய்த்தேன். உலகமே தப்பான பக்கம் சாய்ந்தது. செய்யக்கூடாததைச் செய்கிற கூச்சம் உச்சந்தலைவரை ஏறியது. கண்மாயும் பனியும் எனக்குப் பின்னால் போய்விட்டன. முன்னால் நேராக ஒரு செம்மண் பாதை கிடந்தது.

பால்வாடி வாசலில் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆயாம்மா மணியடிக்கக் கையை ஓங்கிக்கொண்டிருந்தார். அவசரத்தில் எனக்குப் பிரேக் பிடிக்கத் தோன்றவில்லை. மணல் குவியலில் ஏறி, சைக்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

நான் மணலிலேயே கிடந்தேன். எதை நினைத்து இத்தனை வருஷம் வாசலைத் தாண்டாமல் இருந்தேனோ, அது நடந்து முடிந்துவிட்டது. பயம் இப்போது வரும் என்று காத்திருந்தேன். மேலே வேப்பிலைக்கு நடுவே பனி விலகி வானம் தெளிந்துகொண்டிருந்தது. பயம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அடக்க முடியாமல் நானும் சிரித்தேன்.

மூக்கொழுகிக்கொண்டு ஒரு பொடியன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான்.

"டீச்சர், நாளைக்கும் விழுவீகளா?"

டீச்சர் என்று என்னை முதலில் கூப்பிட்டவன் அவன்தான்.

"தெரியலைடா. ஆனா நாளைக்கும் வருவேன்" என்றேன்.