கடைசிப் பாரம்

எங்கள் பைண்டரும் அவர் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து இருபத்தாறு வருடம் புத்தகம் கட்டினார்கள். அச்சகத்திலிருந்து பதினாறு பதினாறு பக்கமாகப் பாரங்கள் வரும். அவர் மடிப்பார், அந்தம்மா தைப்பார். காதல் நாவல் என்றால் மட்டும் அந்தம்மா கடைசிப் பாரத்தை முதலில் கேட்டு வாங்கிப் படித்துவிடுவார்.

"கடைசில நல்லா இருந்தாத்தான் ஊசியில நூலே கோப்பேன்" என்பார். அதனால் கடைசிப் பாரத்தை அவர் மடித்து அந்தம்மா பலகையில் வைத்துவிடுவார்.

போன வருடம் அந்தம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். மனுஷன் தையலையும் தானே பார்த்துக்கொண்டார். பேச்சு மட்டும் அற்றுப்போனது.

சென்ற வாரம் நான் பதிப்பித்த ஒரு காதல் நாவல், முந்நூறு பிரதி, கட்டி வந்தது. புரட்டினால் கதாநாயகனின் மனைவி செத்ததோடு கதை நிற்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே அவர் கடைக்குப் போய்க் கத்தினேன்.

"என்னய்யா வேலை இது? அவன் தேறி வர்றது பூரா கடைசிப் பாரத்துலதானே இருக்கு! அது எங்க?"

அவர் எதிர்ப் பலகையைக் காட்டினார். முந்நூறு பாரங்களும் அங்கே மடித்து அடுக்கியபடி இருந்தன.

"கை பழக்கத்துல வெச்சுட்டேன் சார்."

"தைக்கும்போது கதை பாதியில நிக்குதுன்னு தெரியலையா?"

"கடைசிப் பக்கத்தப் பார்த்தேன் சார். அவ செத்துட்டா. அதோட முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன்."