சுண்ணாம்புப் பட்டை

கொல்லிமலையில் நான் வேலை பார்த்த காப்பித் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயதாகி வேலையை விட்டு நிற்பவருக்கு, மிளகுக்கொடி படர்ந்த ஒரு பலாமரத்தைச் சாகும்வரை அனுபவிக்கக் கொடுப்பார்கள். அடிமரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிட்டால் அந்த மரம் அவருடையது. நான் நிற்கப்போகிறேன் என்றதும் வெள்ளைக்காரத் துரை எனக்கொரு மரத்தில் பட்டை அடிக்கச் செய்தார். அந்த மாதமே தோட்டத்தைக் மலைக்குக் கீழே இருந்த முதலாளி ஒருவருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்.

புது மேனேஜர் என்னைக் கண்டாலே சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. என் மரத்தைப் பற்றிக் கேட்டால், "முதலாளி மலையேறி வரட்டுமுங்க, பேசிக்கலாம்" என்று மிளகு பழுக்கும்வரை இழுத்தடித்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால், என் மரம் நின்ற வரிசை முழுக்கச் சுண்ணாம்புப் பட்டை.

"என்னங்க இது?" என்றேன்.

"தோட்டம் பாக்க அழகா இருக்கோணுமுங்க. ஆமா, இதுல உங்க மரம் எதுங்க?"

தொட்டுக் காட்டினேன்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்களே" என்று சிரித்தார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு திரும்பினேன். தோட்டத்தின் மற்ற மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த ஒரு வரிசைக்கு மட்டும்தான் அழகு தேவைப்பட்டிருந்தது.