அவள் விட்ட கை

ரட்சிப்பை நான் ரேஷன் கடை சர்க்கரை மாதிரி நினைத்திருந்தேன். ஒருவர் போய் வரிசையில் நின்றால் போதும், வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துக் கிடைத்துவிடும். வரிசையில் நிற்பது என் மனைவியின் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்குவது என் வேலை.

ஒருநாள் திருமழிசையில் ஷாமியானா போட்டு நடந்த ஜெபக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துப் போனாள். கடைசியில் போதகர், "எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. இயேசுவ ஏத்துக்கிறவங்க மட்டும் கைய தூக்குங்க" என்றார். நான் தூக்கவில்லை. ஆனால் என் கை மேலே போனது. ஓரக்கண்ணால் பார்த்தால், என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள் அவள்.

மைக்கில் போதகரின் குரல் வந்தது. "யம்மா, அண்ணாத்தே கைய உட்டுடும்மா. அவருக்காக நீ தூக்க முடியாது."

கூட்டமே சிரித்தது. ஒருவரும் கண்ணை மூடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் வெட்கப்பட்டுக் கையை விட்டாள். இறக்கிவிட இதுதான் சமயம் என்று நினைத்தேன். ஏனோ இறக்க மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் சபையில், நானாகவே கை தூக்கினேன் என்றுதான் சாட்சி சொல்கிறேன். பக்கத்தில் அவள் இருமுகிறாள்.