கணீர் டீச்சரும் தன்னம்பிக்கை வகுப்பும்

அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தது எந்த வருஷத்துப் பிள்ளைகள் என்று யாருக்கும் நினைவில்லை. கணீர் டீச்சர் என்றால் காவலாளி முதல் தலைமையாசிரியர் வரை எல்லோருக்கும் தெரியும். அவர் எடுப்பது அறிவியல். மாடியில் அவர் அமிலமும் காரமும் நடத்தினால், கீழே கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் சேர்த்தே படித்துவிடுவார்கள். வீட்டில் மட்டும் அந்தக் குரலுக்கு மரியாதை கிடையாது. பேருந்து ஓட்டுகிற கணவர், "நாள் பூரா ஹாரன் கேட்டுட்டு வரேன், இங்கயும் ஹாரனா?" என்பார்.

அந்தக் குரலால்தான் அந்த வகுப்பு அவர் தலையில் விழுந்தது.

"பிள்ளைங்க எல்லாம் போனுக்குள்ளயே கிடக்குதுங்க டீச்சர். நாலு பேர் முன்னாடி வாயத் திறக்க மாட்டேங்குதுங்க" என்றார் தலைமையாசிரியர். "எட்டாம் வகுப்புக்கு வாரா வாரம் தன்னம்பிக்கை வகுப்பு நடத்தச் சொல்லி மேலிடத்துல உத்தரவு. உங்க குரலுக்குத்தான் அது சரியா வரும்."

"குரலுக்கும் தன்னம்பிக்கைக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"எடுங்க, பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பு. கையேடு ஒன்றும் கொடுத்திருந்தார்கள். நெஞ்சை நிமிர்த்தி நின்று 'நான் வெற்றியாளர்' என்று மூன்று முறை சொல்ல வேண்டுமாம். பிள்ளைகள் முதல் முறை சொன்னார்கள். இரண்டாம் முறை சிரிப்பை அடக்கினார்கள். மூன்றாம் முறை வகுப்பே குலுங்கிப்போனது. டீச்சருக்குக் கோபம் வரவில்லை. சொல்லிக்கொடுத்த அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

பிள்ளைகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது. அவருடைய மகள் ஜன்னல் ஓரமாக நின்று தன்னைத்தானே படம் எடுப்பாள். முகத்தை இப்படித் திருப்புவாள், அப்படித் திருப்புவாள். எடுத்ததையெல்லாம் அழித்துவிட்டு, முகம் தொங்கிப்போய்ச் சாப்பிட வருவாள். பள்ளியிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் தப்பாகப் பதில் சொன்னால் வகுப்பு சிரிக்கும், மணி அடித்ததும் மறந்துவிடும். இப்போது மணி அடிப்பதற்குள் அது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடுகிறது. போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. கொண்டுவராத பிள்ளை இல்லை என்பது நடப்பு.

டீச்சர் கையேட்டை மூடிவைத்தார். போன்களையெல்லாம் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "இந்த வாரம் நீங்க பண்ணுன கோமாளித்தனத்துல ஒண்ணு சொல்லணும். சிரிக்கலாம். ஆனா இங்க சொன்னது இந்த ரூமைத் தாண்டக் கூடாது" என்றார். முதலில் தானே தொடங்கினார். வேறு வகுப்புக்குள் நுழைந்து பாதிப் பாடம் நடத்தி முடித்த பிறகு, 'டீச்சர், நாங்க ஒன்பதாவது' என்று ஒரு பெண் எழுந்து சொன்ன கதை அது. பிள்ளைகள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். அந்த ஒரு வகுப்புக்காக வெள்ளிக்கிழமை லீவு போடுவதைப் பிள்ளைகள் நிறுத்திவிட்டதாக வகுப்பாசிரியை சொன்னார்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். வகுப்பிலேயே உயரமானவள். முன்பற்கள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பதால், பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அவள் எழுந்து நிற்க மாதக்கணக்கானது. ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே எழுந்தாள். பேருந்தில் முன் சீட்டில் இருப்பது தன் மாமா என்று நினைத்து, பின்னாலிருந்து தலையில் தட்டி, 'என்ன மாமா, என்னை மறந்துட்டீங்களா' என்று கேட்டாளாம். திரும்பியவர் யாரோ. "அவரும் விடல டீச்சர். 'இல்லம்மா, நல்லா ஞாபகம் இருக்கு, அப்பா எப்படி இருக்காரு'ன்னு கேக்கறாரு. நானும் இறங்கற வரைக்கும் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிட்டு வந்தேன்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை எப்போது வாயைவிட்டு இறங்கியது என்று அவளுக்கே தெரியாது. டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இதற்காகத்தானே இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினோம் என்று தோன்றியது.

அதே நேரம் வராந்தா ஜன்னலுக்கு வெளியே கம்ப்யூட்டர் சார் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் சொல்லித்தான் பிடித்தார். அன்று மாலையே அந்த வீடியோ பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் வந்துவிட்டது. தலைப்பு: 'நம் பள்ளியில் மலரும் தன்னம்பிக்கை'.

மறுநாளைக்குள் யார் யாரோ பார்த்திருந்தார்கள். பாதிப் பேர் பாராட்டினார்கள். மீதிப் பேர் பல்லைப் பற்றி எழுதினார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்த ஒரு நொடியை யாரோ வெட்டி ஸ்டிக்கராக்க, அது பிள்ளைகளின் போன்களில் பறந்தது. திங்கட்கிழமை கடைசி பெஞ்சு காலி.

டீச்சர் தலைமையாசிரியர் அறைக்குள் போனபோது அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பக்கத்துல இதுவரைக்கும் இவ்வளவு பேர் பாத்ததே இல்ல டீச்சர். எல்லாம் உங்க உழைப்பு."

"அந்த வீடியோவை எடுத்துடுங்க சார். அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு வரல."

"கமெண்ட்டை வேணா மூடிடச் சொல்றேன். நல்லதத்தானே போட்டிருக்கோம்? ரெண்டு பேர் ஏதோ சொன்னா தாங்கிக்கணும். அதுதானே தன்னம்பிக்கை?"

"நம்மளை நம்பித்தான் அவ பேசுனா, நாமளே அவளைக் கூட்டிட்டுப் போய்ச் சந்தியில நிறுத்திட்டோம் சார். இதுல அவ எதைத் தாங்கிக்கணும்?"

தலைமையாசிரியர் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும் என்றார். வீடியோவை நீக்கும்வரை தன்னம்பிக்கை வகுப்பு எடுக்க மாட்டேன் என்றார் டீச்சர். அறைக்கு வெளியே நின்ற இரண்டு ஆசிரியர்களுக்கும் எல்லாம் கேட்டிருக்கும். டீச்சருக்கு மெதுவாகச் சண்டை போடத் தெரியாது.

மாலையில் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனார். அம்மா தையல்காரர். தைத்த துணிகளை நாற்காலியிலிருந்து எடுத்து உட்கார இடம் கொடுத்தார்.

"நீங்க நல்லதுதான் பண்ணீங்க டீச்சர். எம் பொண்ணு இப்படிச் சிரிச்சு நானே பாத்ததில்ல. பெருமையா இருந்துச்சு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் நான்தான் அனுப்புனேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "அதுக்குத்தான் என்கிட்டயும் பேச மாட்டேங்கறா."

உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ரூமைத் தாண்டாதுன்னு சொன்னீங்க டீச்சர்."

நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிறவர் கதவருகே போனார். "ஆமாம்மா, சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் அறிவியல் பாடத்துக்குப் போனபோது வகுப்பில் விசாரித்தார். முதல் பெஞ்சில் உட்காரும் அமைதியான பையன், தானும் ஸ்டிக்கரை அனுப்பியதாக ஒத்துக்கொண்டான். "எல்லாரும் அனுப்புனாங்க டீச்சர். நான் மட்டும் அனுப்பலன்னா அடுத்தது என்னைப் பண்ணுவாங்க." திட்ட வேண்டும் என்றுதான் டீச்சர் வந்திருந்தார். பயத்தில் அவனும் அந்தப் பெண்ணும் ஒன்றுதான். இவனை என்னவென்று திட்டுவது?

வீடியோ அந்த மாதக் கடைசியில் நீக்கப்பட்டது. பார்க்கிற கூட்டம் வடிந்த பிறகுதான் நிர்வாகத்துக்கு மனம் வந்தது. ஸ்டிக்கர் போன்களிலேயே தங்கிவிட்டது. தன்னம்பிக்கை வகுப்பு கம்ப்யூட்டர் சாருக்குப் போனது. கையேட்டில் உள்ளபடியே நடத்தினார். பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி 'நான் வெற்றியாளர்' என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. படம் பிடிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஊர் பிள்ளைகளுக்காக நீ ஏன் மண்டைய உடைச்சுக்கற?" என்றார் கணவர், டீச்சர் பாத்திரங்களை வைக்கும் சத்தம் தாங்காமல்.

"பிள்ளைங்களுக்கு தைரியம் இல்லன்னு சொல்லிட்டு, தைரியமா எழுந்து பேசுனவளை ஊருக்கு வேடிக்கை காட்டறாங்க. கேட்டா விளம்பரமாம். நான் யார் மண்டைய உடைக்கறது?"

அந்தப் பெண் பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். டீச்சர் அவளைக் கேள்வி கேட்கவில்லை, எழுப்பவுமில்லை. மதிய இடைவேளையில் ஆய்வகத்தைத் திறந்துவைத்து, பேச வருகிறவர்கள் வரலாம் என்றார். மூன்று பிள்ளைகள் வருகிறார்கள், சில நாள் நான்கு. அவள் ஒருமுறை வாசல்வரை வந்து, உள்ளே யார் யார் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆசிரியர் கூட்டம் ஒவ்வொன்றிலும் கணீர் டீச்சர் எழுந்து ஒரே விஷயத்தைக் கேட்கிறார். பிள்ளையைக் கேட்காமல் பிள்ளையைப் படம் பிடிக்கக் கூடாது என்று பள்ளியில் ஒரு விதி வேண்டும். தலைமையாசிரியர் ஒவ்வொரு முறையும் 'பார்க்கலாம்' என்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். போன கூட்டத்தில் அவர் எழுந்தபோது கம்ப்யூட்டர் சார், "மறுபடியுமா டீச்சர்?" என்று சிரித்தார்.

"மறுபடியும்தான்" என்றார் டீச்சர், உட்காராமல்.