பிள்ளைக் காம்பராவும் பணிமூப்பும்

என் ஆசிரியப் பணி எந்நாளில் தொடங்கிற்று என்பதைப் பற்றி, ஹட்டனில் ஒரு மண்டபத்தில், சட்டம் கற்றவர்கள் ஆங்கிலத்தில் வாதாடினார்கள். அவர்களுக்கு எதிரே நனைந்த சேலைத் தலைப்பை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு நான் அமர்ந்திருந்தேன். திறந்திருந்த சன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து, கறுப்புக் கோட்டுகளின் மீது படிந்து, மேசையடியில் கரைந்தது. இத்தனை காலத்துக்குப் பின் அந்நாளை நினைக்கையில் சொற்களுக்கு முன்பாக அந்தப் பனியே வருகிறது. கனவில் சிலவேளை பிறர் பேசுவது கேட்கும், பொருள் விளங்காது, ஆயினும் பேச்சு நம்மைப் பற்றியது என்று மட்டும் தெரியும். அன்றும் அவ்வாறே இருந்தது.

நான் பிறந்த தேயிலைத் தோட்டம் லிந்துலைக்கு மேலே இருக்கிறது. என் தந்தையார் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பண்டாரம். அவரிடமிருந்து பதிகங்களைச் செவிவழியே பெற்றேன். எழுத்தைக் கற்றது அதற்குப் பின்னர்தான். அவர் இறைவனடி சேர்ந்தபின் எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. தாய்மார் கொழுந்து பறிக்க மலையேறும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் நீண்ட அறை அது. குறுக்குக் கம்பங்களில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒன்றை ஆட்டிவிட்டுக் கடைசித் தொட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதலாவது அசைவற்று நின்றுவிடும். ஆகவே பாடினேன். அடியும் முடியும் காணவொண்ணாதவனைப் பற்றிய பாட்டு மூக்கொழுகும் மழலைகளுக்குத் தாலாட்டாயிற்று.

தம்பி தங்கையரைத் தூக்கிக்கொண்டு வந்த பெரிய பிள்ளைகள் வாசலில் நின்று கேட்டார்கள். பிறகு உள்ளே வந்து அமர்ந்தார்கள். பிறகு, வரியின் முடிவை என்னோடு சேர்ந்து பாடினார்கள். பால் காய்ச்சும் அடுப்பின் சாம்பலைத் தரையில் பரப்பி, அவர்கள் பாடியதை எழுத்தாக எழுதிக் காட்டினேன். அவர்களும் விரலால் எழுதிப் பார்த்தார்கள். அது எவ்வாறு தொடங்கியது என்று எனக்கே தெளிவில்லை. தூறல் எப்போது மழையாயிற்று என்று மலையில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை.

பின்னர் தோட்டத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைத்தோம். சிறிது காலம் கழித்து என்னையும் அவருக்கு உதவியாசிரியையாக நியமித்தார்கள். ஒரே மண்டபத்தின் மேல்பாதியில் அவர் பெரிய வகுப்புகளையும் கீழ்ப்பாதியில் நான் சின்ன வகுப்புகளையும் நடத்தினோம். குடியிருக்க இருவருக்கும் ஒரே கூரையின் கீழ் இரு வீடுகள் தந்தார்கள். கால் வழங்காத என் தாயார் என்னோடு இருந்தார். மாஸ்டரும் சிவபக்தர். ஒரு பதிகத்தை எந்தப் பண்ணில் பாடுவது என்று வேலிக்கு இப்பாலும் அப்பாலும் நின்று வாதிடுவோம். எங்கள் மாறுபாடு அவ்வளவே.

அறுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை நிர்வகிக்கப் புதிய துரை வந்தார். சில குடும்பங்கள் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டதால் பிள்ளைகளின் வரவு குறைந்திருந்தது. பெரிய கிளாக்கர் என்னை ஆபீசுக்கு அழைத்து, நாற்காலியும் போட்டார். நாற்காலி போட்டதுமே செய்தி நல்லதன்று என்று உணர்ந்தேன்.

"டீச்சரம்மா, என் மேல கோவிச்சுக்காதீங்க. புள்ளைக கொறைஞ்சு போச்சு, இனி ஒரு வாத்தியார் போதும்னு தொரை சொல்லிட்டாரு. கடைசியா வந்தவங்கதான் மொதல்ல போகணுமாம். அதான் முறையாம்."

"நானாங்க கடைசியா வந்தேன்? இந்தத் தோட்டத்துலயே பொறந்தவ நான்."

"பொறந்ததையெல்லாம் சர்வீஸ்ல சேக்க மாட்டாங்கம்மா," என்றார் அவர், மெய்யான வருத்தத்தோடு.

வேலை போனால் வீடும் போகும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் செல்லும் செங்குத்தான படிகளில் என் தாயாரை யார் தூக்கிச் செல்வது, சென்றாலும் யாருடைய காம்பராவில் இடம் கேட்பது என்பதே என் முழுக் கவலையாக இருந்தது.

தொழிற்சங்கத்தார் வழக்கைத் தொழில் நியாய சபைக்குக் கொண்டுசென்றார்கள். விசாரணை நாளன்று தலவாக்கலையில் ரயிலேறினோம். எனக்குச் சாட்சி சொல்ல வந்தவர், தம் பிள்ளைகள் எல்லோரையும் என் தொட்டிலில் வளர்த்தெடுத்த கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர். தோட்ட நிர்வாகம் அழைத்திருந்த மாஸ்டரும் அதே பெட்டியில் ஏறி, எங்களுக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கிவந்தார்.

"இது என்னங்க கூத்து," என்றார் என் சாட்சி, கோப்பையை ஊதிக்கொண்டே. "ஒருத்தர ஒருத்தர் வெரட்டப் போறவங்க ஒரே பெட்டியில தேத்தண்ணி குடிக்கிறீங்க!"

"சண்டை பிடிக்கிறது அவையள், அம்மா," என்றார் மாஸ்டர். "நாங்கள் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிற ஆக்கள்."

மண்டபத்தில் முதல் வாதம், நான் யாருடைய ஊழியர் என்பது. பள்ளிக்கூடத்துக்கு உதவிப்பணம் தருவது அரசாங்கம், ஆகவே இவர் எங்கள் ஊழியர் அல்லர் என்றார் தோட்டத்தின் சட்டத்தரணி. அப்படியானால் இவரைப் போகச் சொன்னவர் எந்த உரிமையில் சொன்னார் என்று கேட்டார் எங்கள் சட்டத்தரணி. நியாய சபைத் தலைவர் புன்னகை செய்து, எங்கள் பக்கம் தலையசைத்தார். அடுத்த வாதம் பணிமூப்பு. நியமன நாளைக் கொண்டு பார்த்தால் மாஸ்டரே மூத்தவர். பிள்ளைக் காம்பராவில் நான் எழுத்துச் சொல்லித்தந்த ஆண்டுகளையும் சேர்த்தால் நானே மூத்தவள்.

எங்கள் சட்டத்தரணி என்னை முன்னரே தனியே அழைத்துச் சொல்லியிருந்தார்: "பழைய துரை சொல்லித்தான் படிப்பித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மா. அவர் இப்போது சீமையில் இருக்கிறார். மறுத்துச் சொல்ல இங்கே யாரும் இல்லை."

தோட்டத்தின் சட்டத்தரணி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "பிள்ளைகளுக்குப் படிப்பிக்கச் சொல்லி உங்களுக்குக் கட்டளையிட்டவர் யார்?"

அந்தக் கணம் நெடுநேரம் நீண்டதுபோல் இருக்கிறது. என் தாயாரின் முகம் தோன்றியது. சாம்பலில் பதிந்த சிறு விரல்களின் தடங்களும் தோன்றின. திருநாமத்தைச் சொல்லிப் பழகிய நாவு வேறொன்றைச் சொல்ல எழவில்லை.

"யாருமே சொல்லலீங்க. நானாத்தான் செஞ்சேன்."

எங்கள் சட்டத்தரணி எழுதுகோலைக் கீழே வைத்தார். யாரும் ஏவாமல் செய்த வேலையைச் சட்டம் பணியாகக் கொள்ளாது என்று மற்றவர் நிதானமாக எடுத்துரைத்தார். அவர் கூறியதில் பிழையில்லை என்றே எனக்கும் பட்டது. நான் கற்ற பாடல்களிலோ, ஏவாமல் செய்யும் தொண்டைத்தான் இறைவன் தன் கணக்கில் முதலில் வைக்கிறான். பனி நிறைந்த அந்த அறையில் இரண்டும் ஒருங்கே மெய்யாகத் தோன்றின. நான் தோற்றுவிட்டேன் என்பது மட்டும் ஐயமின்றி விளங்கியது.

பின்னர் என் சாட்சியை அழைத்தார்கள். அவர் மண்டபம் முழுவதையும் கும்பிட்டுவிட்டு, மலைக்கு மலை கேட்கும் குரலில் பேசினார்.

"பழைய தொரைக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கலீங்க. அவரு வாசல்ல நின்னு பாட்டுக் கேட்டத நான் பாத்தேன்."

"வேலை நேரத்தில் நீ மலையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? அங்கே எப்படி வந்தாய்?" என்று கேட்டார் தோட்டத்தின் சட்டத்தரணி.

"புள்ளைக்குப் பால் குடுக்க எறங்கி வந்தேன். அதுக்கு நேரம் குடுத்தது தொரைங்க. ஒங்ககிட்ட நான் கேக்கலியே."

மொழிபெயர்ப்பாளர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தலைவரே முன்னால் சாய்ந்து, துரை அங்கே என்ன செய்தார் என்று கேட்டார்.

"வேலை வாங்குற கண்டாக்கய்யாவக் கூப்புட்டு, 'தொட்டில எல்லாம் அந்தப் பக்கம் தள்ளிக் கட்டு, படிக்கிற புள்ளைக ஒக்காரட்டும்'னு சொன்னாருங்க."

"துரை சொன்னது உனக்கு எப்படி விளங்கியது?" என்று மறுபடி கேட்டார் தோட்டத்தின் சட்டத்தரணி.

"தமிழ்லதாங்க சொன்னாரு. எங்கள ஏசி ஏசியே அவருக்குத் தமிழ் நல்லா வரும்."

நான் திகைத்துப்போனேன். ஒருநாள் காலையில் ஆட்கள் வந்து தொட்டில்களை அவிழ்த்துச் சுவரோரமாக நெருக்கிக் கட்டியது உண்மை. கூரை ஒழுகுவதால் அவ்வாறு செய்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன். அன்று விரிந்த வெறுந்தரையைத் திருவருள் என்று கொண்டு, அதன்மேல் சாம்பலைப் பரப்பினேன். அந்த அருள் துரையின் மோட்டார் சைக்கிளில் வந்து போயிருக்கிறது.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. வேலை நடப்பதை அறிந்து, அதற்கு இடமும் ஒதுக்கித் தந்த முதலாளி, அந்த வேலையைத் தம் வேலையாக ஏற்றுக்கொண்டவரே ஆவார். ஆகையால் தொட்டில்கள் நகர்ந்த நாளிலிருந்து இவர் ஆசிரியை என்று தலைவர் எழுதியிருந்தார். என் தாயார் கட்டிலிலிருந்தபடியே கைகூப்பினார். வேலிக்கு அப்பால் மாஸ்டர் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

பேருந்துக்குப் போகுமுன் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"மனவருத்தம் இல்லை எண்டு சொன்னால் பொய் சொன்னதாய்ப் போகும். ஆனால் உங்களோடை ஒண்டும் இல்லை. நீங்கள் 'ஒருத்தரும் சொல்லேல்லை' எண்டு சொல்லேக்கை, நான் தப்பினன் எண்டுதான் நினைச்சனான். பிறகு அந்த மனிசி வந்து தொட்டிலைத் தள்ளிப்போட்டுது!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என்னால் சிரிக்க இயலவில்லை. எங்கே போவீர்கள் என்று கேட்டேன். கல்வித் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், எந்தக் காட்டுக்கு அனுப்புகிறார்களோ தெரியாது என்றார். என் தாயாரின் காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை மண்டபம் முழுவதும் என் வகுப்பாயிற்று. சின்னப் பிள்ளைகள் வழக்கம்போல் என்னைப் பார்த்து அமர்ந்திருந்தார்கள். மேல்பாதியில் இருந்தவர்கள் எனக்கு முதுகைக் காட்டியபடி, மாஸ்டரின் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே நடந்து சென்று அவர் நின்ற இடத்தில் நின்றேன்.

"மாஸ்டர் எப்ப டீச்சர் வருவாரு?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

வரமாட்டார் என்று சொன்னேன். பிறகு, அவர் விட்ட இடத்திலிருந்து பாடத்தை வாசிக்கச் சொன்னேன். லயத்துப் பிள்ளைகள் எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லையும் அழுத்தமான யாழ்ப்பாண ஓசையில் ஒரே குரலாக வாசித்தார்கள். பாடம் முடியும்வரை கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.